ரிசீவர் மேல் குற்றம் இல்லை!

வீட்டுக்குப் புது டெலிவிஷன் வந்துவிட்டது. திரை சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. படம் கண்ணைப் பறிக்கிறது. குடும்பமே கூடி உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்காரர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

2010-ல் ஆசையாக வாங்கிய ரிசீவர் அவரிடம் இருக்கிறது. அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்கள். மூலையில் 'தும் தும்' என்று அதிர ஒரு பெரிய பெட்டி. ப்ளூ-ரே பிளேயரை டெலிவிஷனில் சொருகினார். டெலிவிஷனிலிருந்து ஒரு கேபிளை ரிசீவருக்குக் கொடுத்தார். டிஸ்கின் உறையில் 'டால்பி ட்ரூஎச்டி' என்று அச்சிட்டிருக்கிறது. ரிசீவரின் முகப்பிலோ வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்றுதான் எழுத்து ஒளிர்கிறது!

கணவனும் மனைவியும் கடைக்குப் போனார்கள்.

"ரிசீவர் பழசு சார்! இதைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்றார் கடைக்காரர்.

"நன்றாக ஓடுவதை ஏன் தள்ளவேண்டும்?" என்று கேட்டாள் மனைவி.

அந்த அம்மாள் கேட்டதுதான் சரியான கேள்வி. பல வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காமலே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மடிப்பதும் வெட்டுவதும்

சினிமாவின் ஒலியை அப்படியே அடைத்தால் அதிக இடம் பிடிக்கும். ஆகவே சுருக்குகிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. காதுக்கு எட்டாது என்று கருதும் ஒலிகளை வெட்டி எறிந்துவிட்டுச் சுருக்குவது ஒரு வகை. டால்பி டிஜிட்டல் அப்படிப்பட்டது. எறிந்தது எறிந்ததுதான், திரும்பி வராது.

பட்டுச் சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பது இன்னொரு வகை. பிரித்தால் ஓர் இழைகூடக் குறைந்திருக்காது. ட்ரூஎச்டி இந்த வகை. டி.டி.எஸ். எச்டி மாஸ்டர் ஆடியோவும் இந்த வகைதான். இதைத்தான் இழப்பில்லாத ஒலி என்கிறார்கள்.

ஆனால் மடித்த சேலைக்கும் பெரிய பெட்டி வேண்டுமே! டால்பி டிஜிட்டலுக்கு நொடிக்கு 640 கிலோபிட்டுக்கு மேல் தேவையில்லை. ப்ளூ-ரே டிஸ்கில் ட்ரூஎச்டி 18 மெகாபிட் வரை போகும். ஏறக்குறைய 28 மடங்கு!

வாசல் எங்கே குறுகல்?

டெலிவிஷனிலிருந்து ரிசீவருக்கு ஒலி திரும்பி வரும் பாதைக்கு 'ஆர்க்' என்று பெயர். 2009-ல், எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற முறையோடு வந்தது. அது ஒற்றையடிப் பாதை. டால்பி டிஜிட்டல் போகும், ட்ரூஎச்டி போகாது. ஆப்டிகல் கேபிளிலும் இதே கதைதான். 2017-ல் எச்.டி.எம்.ஐ. 2.1 வந்தபோது 'இ-ஆர்க்' என்ற அகலப் பாதை பிறந்தது. நொடிக்கு 37 மெகாபிட் வரை அதில் போகலாம். ஆனால் டெலிவிஷனிலும் அது இருக்கவேண்டும், ரிசீவரிலும் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயன் இல்லை. எத்தனை விலை கொடுத்துக் கேபிள் வாங்கினாலும் நடக்காது. டெலிவிஷன் பெட்டியின் மேல் இதை ஒரு வரி அச்சிட்டால் கம்பெனிக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய ரிசீவருக்கு ட்ரூஎச்டி நன்றாகவே தெரியும்! 2006-ல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.3-லேயே அதற்கு இடம் உண்டு. முகப்பில் 'ட்ரூஎச்டி' முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால், அதன் முன்வாசல் அகலம். டெலிவிஷனிலிருந்து வரும் கொல்லை வாசல்தான் குறுகல்.

ஆகவே கொல்லை வழியாக வருவானேன்? பிளேயரை நேரே ரிசீவரில் சொருகவேண்டியதுதான். படம் அங்கிருந்து டெலிவிஷனுக்குப் போகட்டும். சாதாரண ப்ளூ-ரே டிஸ்க் என்றால் இதோடு வேலை முடிந்தது.

4கே டிஸ்க் என்றால் ஒரு சிக்கல். பழைய ரிசீவர் அந்தப் படத்தை முழுத் தெளிவோடு கடத்தாது. அதற்கென்றே இரண்டு எச்.டி.எம்.ஐ. சாக்கெட் உள்ள பிளேயர்கள் விற்கின்றன. ஒன்று டெலிவிஷனுக்குப் படம் தரும். மற்றது ரிசீவருக்கு ஒலி மட்டும் தரும். டெலிவிஷனின் இ-ஆர்க்கிலிருந்து ஒலியைப் பிரித்து, பழைய ரிசீவருக்குக் கொடுக்கும் சிறு பெட்டிகளும் உண்டு. ஆனால் டி.டி.எஸ். ஒலியை வெளியே விடாத டெலிவிஷன்களும் இருக்கின்றன. அதையும் விலையையும் விசாரித்துக்கொண்டு வாங்குவது நல்லது.

இணையத்தில் மட்டும் படம் பார்க்கும் குடும்பமா? அவர்கள் கடைப் பக்கமே போகவேண்டாம். அங்கே வழக்கமாக வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ். அதுவும் வெட்டிச் சுருக்கிய ஒலிதான். புது ரிசீவர் வாங்கினாலும் வெட்டி எறிந்தது திரும்பாது.

கேபிளை மாற்றிய பிறகும் ரிசீவர் 'டால்பி டிஜிட்டல்' என்றே காட்டினால் பதறவேண்டாம். பிளேயரின் மெனுவில் ஒலி 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருக்கவேண்டும். 'செகண்டரி ஆடியோ' என்று ஒன்று இருந்தால் அதை அணைத்துவிடவேண்டும். அடுத்த நிமிடம் முகப்பில் 'ட்ரூஎச்டி' என்று எழுத்து மாறும்.