தாராவிப் பறைக்கு ஓர் ஏடு

அயர்லாந்தில் பிறந்து சிகாகோவில் காவல்துறைத் தலைவராக உயர்ந்தவர் பிரான்சிஸ் ஓ'நீல். அந்நகரில் குடியேறிய தம் நாட்டவரிடம் மெட்டுகளைக் கேட்டுத் திரட்டி, 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். தாய்நாட்டு இசைக்குப் புலம்பெயர்ந்தோரே அரணாயினர்!

மும்பைத் தமிழர் நாம் என்ன செய்தோம்? கருநாடக இசைக்கு 1952-இல் சண்முகானந்தா சபை கண்டோம். 1963-இல் அரங்கமும் எழுந்தது. நன்று! ஆனால், தோல் தொழில் தேடித் தாராவி வந்த நெல்லை மக்களின் பறையும் நையாண்டி மேளமும் என்னாயின? அவற்றின் அடிகளை நாம் எழுதி வைத்தோமா?

தாராவியை இடித்து மாடிவீடுகள் கட்டத் திட்டம் நடக்கிறது. வீதி போனபின் வீதியிசை எங்கே ஒலிக்கும்? மாணவ நண்பர்களே, ஒலிப்பதிவுக் கருவி நம் சட்டைப்பையிலேயே உள்ளது. முதிய கலைஞரை நாடுவோம். பெயரும் ஊரும் குறித்துப் பதிவு செய்வோம். அரங்கம் பிறகு வரட்டும், ஏடு முந்தட்டும்!