சிதம்பரம் நாட்டிய விழாவிலும் மாவட்டக் கலை விழாக்களிலும் முகாம்வாழ் ஈழத் தமிழர்க்கு இடம் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
மாவட்டக் கலைஞர்களும் ரசிகர்களும் சேர்ந்து நடத்தும் சங்கம்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் கலைஞர்களையும் கலை பயிலும் பிள்ளைகளையும் நாட்டியாஞ்சலி உள்ளிட்ட விழாக்களில் பங்கேற்கச் செய்தல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடந்து வருகிறது. நூற்றெட்டுக் கரணங்களைக் கோபுரத்தில் செதுக்கி வைத்திருக்கும் ஊரில் ஒரு முறை ஆடிவிட வேண்டும் என்ற ஆசையோடு உலகின் பல நாடுகளிலிருந்து நாட்டியக் கலைஞர்கள் வருகிறார்கள். அவர்களை மாவட்டம் விருந்தினராக வரவேற்பது முறையே. ஆனால் இந்த வரவேற்பில் ஒரு முரண் இருக்கிறது. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகும், அடுத்தடுத்த போர்க்காலங்களிலும் இலங்கையை விட்டு வெளியேறியவர்களில் விமானம் ஏற வழி இருந்தவர்கள் டொராண்டோ, லண்டன், பாரிஸ் நகரங்களில் குடியேறினார்கள். படகு மட்டுமே கிடைத்தவர்கள் ராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மாவட்டங்களில் உள்ள முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னவரின் மகள் கனடா பாஸ்போர்ட்டோடு சிதம்பரத்துக்கு வந்தால் அயல்நாட்டுக் கலைஞர்; மேடையில் பொன்னாடை. பின்னவரின் மகள் குறிஞ்சிப்பாடியை அடுத்த அம்பலவாணன்பேட்டை முகாமிலிருந்து அதே மேடைக்கு வர நினைத்தால், ஊர் தாண்டி இரவு தங்க யாரிடம் அனுமதி வாங்குவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இருவருடைய பாட்டிமாரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்திருக்கலாம். பயணம் எங்கே முடிந்தது என்பதை வைத்து ஒருவருக்கு மேடையும் மற்றவருக்கு முகாமில் தலைக்கணக்கு எடுக்கும் தணிக்கைப் பதிவேடும் என்று ஆகியிருப்பதை மாற்ற வேண்டும் என்பதே இம்மனுவின் சாரம்.

ஈழத்தோடான உறவு சிதம்பரத்துக்குப் புதிதன்று. பறங்கியர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்த ஞானப்பிரகாசரின் பெயரால் இன்றும் சிதம்பரத்தில் ஒரு திருக்குளம் இருக்கிறது. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் பெயரில் அமைந்த பள்ளியில் இன்றும் இவ்வூர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். பழந்தமிழ் இசையையும் யாழையும் ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதியவர் அவர். உலகத் தமிழாராய்ச்சிக்கு வித்திட்ட தனிநாயகம் அடிகள் தமிழ் படித்ததும் இதே அண்ணாமலை நகரில்தான். இவர்களில் எவரையும் இவ்வூர் வெளியாராக நடத்தியதாக வரலாறு இல்லை. தமிழிசை இயக்கத்துக்குக் களமாக இருந்த பல்கலைக்கழகத்துக்குச் சில மைல்களுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட ஒரு தலைமுறை, அதன் வாசலுக்கு வராமலே வளர்ந்துவிடக் கூடாது.

வந்தேறிய மக்களுக்கு மேடை கொடுத்த பெருநகரங்கள் எதையும் இழந்துவிடவில்லை. 1958இல் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியக் குடியேறிகள் மீது இனவெறித் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டே அக்குடியேறிகளில் ஒருவரான கிளாடியா ஜோன்ஸ் ஒரு மண்டபத்துக்குள் கரீபியக் கார்னிவல் நடத்தினார். பின்னாளில் நாட்டிங் ஹில் தெருக்களில் வளர்ந்த கார்னிவல் இன்று அந்நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. டொராண்டோவில் 1969இல் தொடங்கிய கேரவன் விழாவில் குடியேறிய ஒவ்வொரு சமூகமும் தன் கூடத்தைத் திறந்து உணவும் ஆட்டமும் பாட்டுமாக நகரத்தாரை அழைத்தது. அதே கனடா 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. தமிழ் பேசாத ஒரு நாடு ஈழத் தமிழரின் கலையைத் தன் பண்பாடாக ஏற்கும்போது, தமிழ்நாட்டின் ஒரு மாவட்டம் தயங்குவதற்கு நியாயமான காரணம் வேண்டும்.

அப்படிச் சொல்லக்கூடிய காரணங்களையும் பார்த்துவிடுவோம். அவர்கள் அயல்நாட்டவர், சட்டம் இடம் தராது என்பது முதலாவது. 1987 ஜூலை 1க்குப் பிறகு இம்மண்ணில் பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடைக்காது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிக்கிக்கொண்டிருப்பது இங்கேதான். குடியுரிமை தருவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். அதை இங்கே கேட்கவும் இல்லை. ஆனால் 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குப் பாஸ்போர்ட், விசா தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசே 2025 செப்டம்பரில் விலக்கு அளித்துவிட்டது. மேடையேறி ஆடுவதற்குக் குடியுரிமை வேண்டும் என்றால் டொராண்டோக்காரரும் ஆட முடியாது. எஞ்சியிருப்பது நிர்வாக அனுமதி ஒன்றுதான். அது வருவாய்த் துறை போடும் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம்.

நாட்டியாஞ்சலி செவ்வியல் நடனத்துக்கான விழா, அங்கே முகாம்வாசிகளின் ஈழத்துக் கூத்துக்கு என்ன வேலை என்பது இரண்டாவது. பரதம் பயின்ற முகாம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. கூத்தைப் பொறுத்தவரை, மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகம் தன் அரங்குக்குக் கொண்டு சென்றது. கிராமத்துக் களரியில் விடிய விடிய ஆடியதைப் பேராசிரியர் வித்தியானந்தன் அரங்குக்கு ஏற்பச் செப்பனிட்டார். அங்கே முடிந்தது இங்கே முடியாதா? கோயிலுக்குள் நடக்கும் நிகழ்ச்சியில் எது இடம்பெற வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும் என நாங்கள் கேட்கவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசின் பொறுப்பில் இருக்கிறது. அதன் இசைக் கல்லூரியும் அரங்கமும் போதும்.

மூன்றாவது மறுப்பு எங்கள் சங்கத்துக்குள்ளேயே எழுந்தது, அதுவே வலுவானதும்கூட. இம்மாவட்டத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களுக்கே கோயில் திருவிழாக்களுக்கு வெளியே மேடை இல்லை. நலவாரிய உதவிக்கு அலைகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்க்குக் கேட்பதா என்றார்கள். இருக்கிற மேடையைப் பங்கு போடச் சொன்னால் இந்தக் கோபம் சரிதான். நாங்கள் கேட்பது கூடுதல் மேடை. அதில் நம்மூர்க் கூத்தும் ஈழத்துக் கூத்தும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஆடட்டும். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்க இம்மாவட்டத்தில் வேறு வாய்ப்பு ஏது?

முகாம் வீடுகளுக்கும் நலத்திட்டங்களுக்கும் 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி 7,469 வீடுகள் கட்ட முடிவு செய்ததை நன்றியோடு நினைவுகூர்கிறோம். அயலகத் தமிழர் நலனும் முகாம்களும் ஒரே ஆணையரகத்தின் பொறுப்பு என்பதையும் சுட்ட விரும்புகிறோம். ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினத்துக்குக் கடல் கடந்து வருவோரை அழைக்கும் அந்த ஆணையரகமே, முகாமில் இருப்போருக்கு அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடையின் பட்டியலையும் வைத்திருக்கிறது. இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

ஆகவே, முதலில் மாவட்ட முகாம்களில் யாருக்கு என்ன கலை தெரியும், யார் என்ன பயில்கிறார்கள் என்று கலை பண்பாட்டுத் துறை மூலம் ஒரு பதிவு எடுக்க உத்தரவிட வேண்டும். நாட்டிய நிகழ்ச்சி இரவு நெடுநேரம் நீளும். எனவே பங்கேற்பவருக்கும் துணைக்கு வரும் பெற்றோருக்கும் ஒத்திகை நாள்களையும் சேர்த்து ஒரே அனுமதிக் கடிதம் வழங்க வேண்டும். பணக்கொடை நாளில் நேரில் வர முடியாததற்காக எவருக்கும் தொகை நிறுத்தப்படக் கூடாது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயான அந்தத் தொகை, வீட்டு அரிசிக்கான கணக்கு. கடலூர் மாவட்ட அரசு இசைப்பள்ளிச் சேர்க்கைக்கும் நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியப் பதிவுக்கும் முகாம் அடையாள அட்டையை ஆவணமாக ஏற்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். விழாக் குழுவினர், பல்கலைக்கழகம், முகாம் பிரதிநிதிகள் ஆகியோரைத் தங்கள் தலைமையில் அழைத்துப் பேசி, வரும் மகாசிவராத்திரிக்கு முன்பே சிதம்பரத்தில் ஒரு மாலையையும், கோடையில் கடலூர் வெள்ளிக் கடற்கரையில் ஒரு மாலையையும் இதற்கென ஒதுக்க வேண்டும். பயணச் செலவையும் ஒப்பனை, பக்கவாத்தியச் செலவையும் மாவட்ட நிர்வாகம் ஏற்க இயலாவிட்டால், நன்கொடை திரட்டித் தர எங்கள் சங்கம் தயார்.

இது குறித்து நேரில் விளக்க எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்:
ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம், சென்னை
இயக்குநர், கலை பண்பாட்டுத் துறை, சென்னை
சார் ஆட்சியர், சிதம்பரம்