ஊதல் யார் வாயில்?

சென்ற சனிக்கிழமை மாலை, திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியும் ஒரு மைதானத்தில், பையன்களின் கூடைப்பந்தாட்டத்துக்கு நாம் மத்தியஸ்தராக நின்றோம். கடைசி நிமிஷத்தில் ஒரு 'பௌல்' கொடுத்தோம். வெளியே நின்ற பெரிய மனிதர் ஒருவர், "ஸார், அது பௌல் இல்லை!" என்று கூவினார். நாமும் அவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றிவிட்டோம். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன் பின் நாம் ஊதும்போதெல்லாம் பையன்கள் அவரையல்லவா திரும்பிப் பார்த்தார்கள்!

வீடு திரும்புகையில், 1972-ஆம் வருஷத்து மியூனிச் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் நினைவுக்கு வந்தது. மூன்று விநாடி மிச்சம். அமெரிக்கா 50, ஸோவியத் 49. ஸோவியத் கோஷ்டி பந்தை உள்ளே போட்டது. மேஜையருகே எழுந்த கூச்சலால், ஒரு விநாடி மீதியிருக்கையில் ஆட்டம் நின்றது. உடனே சர்வதேசச் சம்மேளனத்தின் காரியதரிசி வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து மூன்று விரல்களைக் காட்டினார். மூன்று விநாடியும் திரும்ப வேண்டுமாம்! களத்தில் கட்டளையிட அவருக்கு அதிகாரமில்லை. ஆயினும் மத்தியஸ்தர்கள் பணிந்தார்கள். மறுபடி ஆடினார்கள், கடிகாரம் சரியாக வைக்கப்படவில்லை என்று இன்னொரு முறையும் ஆடினார்கள். ஸோவியத் 51–50 என்று ஜயித்தது.

ஸோவியத்தார் கேட்ட 'டைம் அவுட்' நியாயமே என்று வாதிப்போர் உண்டு. இருக்கட்டும். எந்தச் சாவிக்கும் திறக்கும் பூட்டை நம் ஊரில் யார் வாங்குவார்? அமெரிக்கர் வெள்ளிப் பதக்கங்களை வாங்க மறுத்தார்கள். பிரேஸில் மத்தியஸ்தர் ரிகெட்டோ ஆட்டத் தாளில் கையெழுத்திட மறுத்தார். ஊதலைக் கொடுத்துவிட்டுப் பேனாவை இறுக்கிப் பிடித்து என்ன பயன்?

வரும் சனிக்கிழமையும் ஆட்டம் உண்டு. அந்தப் பெரியவர் வருவார். கோட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறோம்.