வெள்ளைக்காரன் வியாதியாம்!

கடந்த மாதம் ஜொகூர் பாருவில், திருமணத்துக்குத் தயாராகும் ஜோடிகளுக்கென்று ஒரு நாள் வகுப்பு நடந்தது. என் அக்காள் மகளுக்கும் அவளுக்கு நிச்சயித்த பையனுக்கும் துணையாகப் போயிருந்தேன். காலையில் குடும்பச் சண்டை பற்றிப் பேசிய பெரியவர், "அடிக்கிற கைதான் அணைக்கும். புருசன் கோபத்தில் ஒன்று வைத்துவிட்டால் அதைப் பெரிதுபடுத்தாதீர்கள்" என்றார். மண்டபம் சிரித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாம்பத்தியம் பற்றிய பேச்சு. அதே பெரியவர்தான். இணையத்தைப் பார்த்துக் கெட்டுப்போன தம்பதிகள் படுக்கையறையில் சாட்டையும் மட்டையும் வைத்து விளையாடுகிறார்களாம். அது வெள்ளைக்காரன் வியாதியாம், நம் பண்பாட்டில் அப்படி ஒன்று இருந்ததே இல்லையாம். துணைவர் அப்படி ஆசைப்பட்டால் உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகவேண்டுமாம். மண்டபம் கைதட்டியது.

கேட்காமல் விழும் அடி குடும்ப வாழ்க்கை, கேட்டு வாங்கும் அடி வியாதி! இதை ஒரே வாயால் ஒரே நாளில் சொல்லிவிட்டு, பொன்னாடையும் போர்த்திக்கொண்டு போக ஒருவரால் முடிகிறது என்றால், கேட்டுக்கொண்டிருந்த நம்மைச் சொல்ல வேண்டும்.

இருந்ததே இல்லை என்கிறவர்கள் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தைத் திறந்தாவது பார்த்திருக்கிறார்களா? ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டு நூல் அது. அதன் இரண்டாம் பகுதியில் ஏழாம் அத்தியாயம் இதற்காகவே எழுதப்பட்டது. காதலர்கள் கூடலின்போது ஒருவரையொருவர் அடிப்பதும் அப்போது எழும் ஒலிகளும்தான் அங்கே பேசுபொருள். புறங்கை, விரல்களைச் சற்றே மடக்கிய கை, முட்டி, உள்ளங்கை என்று நான்கு வகை அடி. தெற்கத்தியர்கள் இன்னும் நான்கைச் சேர்த்து எட்டாக்கிக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். அந்தத் தெற்கத்திய அடிகள் வலி மிகுந்தவை, மதிக்கத் தகாதவை என்று கண்டிக்கிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சிகளைப் படியுங்கள். ஒரு சோழ அரசன், மார்பில் ஆப்புபோல் இறக்கும் அடியால் சித்திரசேனை என்ற கணிகையைக் கொன்றுவிட்டான். குந்தல நாட்டுச் சாதவாகன அரசன் சாதகர்ணி, தலையில் போடும் 'கத்தரி' அடியால் தன் பட்டத்தரசி மலயவதியைக் கொன்றான். கை ஊனமுற்ற நரதேவன் கன்னத்தில் அடிக்கப்போய், குறி தவறி, ஒரு நடனக்காரியின் கண்ணைக் கெடுத்தான். இவன் பாண்டியனின் படைத்தலைவன் என்கிறது அந்நூலுக்கு யசோதரர் எழுதிய உரை.

சோழன், பாண்டியனின் படைத்தலைவன். எந்தக் கப்பலில் ஏறி எந்த வெள்ளைக்காரனிடமிருந்து இவர்கள் இந்த வியாதியை வாங்கி வந்தார்கள்? காமசூத்திரம் ஆங்கிலத்தில் அச்சானதே 1883இல்தான். தாத்தாவின் தாத்தா காலத்துக்கும் முன்பிருந்தே நம் பக்கத்து ஆட்கள் செய்து, தப்பாகச் செய்து, உயிரையும் பறித்து, புத்தகத்தில் எச்சரிக்கையாக ஏறிவிட்ட ஒன்றை, நேற்று கைப்பேசியில் வந்தது என்கிறார்கள். அந்தச் சோழன் கதையில் பண்பாட்டுப் பெருமை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சித்திரசேனை செத்துப்போனாள். மார்பில் முட்டியை இறக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லித்தர ஆளில்லை. அதுதான் எனக்குப் படுகிறது.

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொன்னாரே, அந்த மருத்துவர் என்ன சொல்வார்? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, தனக்கு வேதனையோ இணங்காத இன்னொருவருக்குத் தீங்கோ இல்லாதவரை இத்தகைய விருப்பம் நோயல்ல என்று 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே பிரித்துவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், வளர்ந்த இருவர் மனமொத்துச் செய்வது, கடும் மனவேதனையோ பெருங்காயமோ மரணமோ நேரும் அபாயமோ இல்லாதவரை, நோயல்ல. வற்புறுத்தலும் இணங்காதவர்மீது கைவைப்பதும் அங்கே நோயாகவே நிற்கின்றன. ஆக, மருத்துவரிடம் கூட்டிப் போகவேண்டிய ஆள், கோபத்தில் மனைவிக்கு "ஒன்று வைக்கிற" புருசன்தான்.

சட்டத்துக்கும் வருகிறேன். 18 வயது நிரம்பிய ஒருவர் இணங்கி ஏற்றுக்கொண்ட செயலில், மரணமோ கொடுங்காயமோ விளைவிக்கும் எண்ணமும், அப்படி விளையும் என்ற அறிவும் இல்லையென்றால் அது குற்றமல்ல என்கிறது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு. அதற்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு, பொழுதுபோக்காக வாள்சண்டை போடும் இருவர். நம் பிள்ளைகள் சிலம்பப் போட்டியில் தழும்போடு வீடு திரும்பினால் படம் எடுத்துப் போடுகிறோமே, அதே கதைதான். இதை எல்லாவற்றுக்கும் கேடயமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. இங்கிலாந்தில் 1993இல் பிரபுக்கள் சபை, உண்மையான காயம் உண்டாக்கிய ஒரு வழக்கில் சம்மதத்தைத் தற்காப்பாக ஏற்க மறுத்தது. காயம் என்று வந்துவிட்டால் விளையாட்டு என்ற சொல் நம்மைக் காப்பாற்றாது. அதே மலேசியத் தண்டனைச் சட்டம் இன்றைக்கும் கணவன் மனைவியை வன்புணர்வதை வன்புணர்வு என்று ஏற்கவில்லை. உறவுக்காக மனைவியைக் காயப்படுத்தினாலோ சாவுபயம் காட்டினாலோ 375ஏ பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை, அவ்வளவுதான். பண்பாட்டுக் காவலர்கள் இதைப் பற்றி மேடையில் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

எப்படித் திறப்பார்கள்? தோட்டப்புற லயங்களில் சம்சு சாராயம் குடித்துவிட்டு மனைவியை அடித்தவனைப் பார்த்து, "குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொண்டவர்களின் வாரிசுகள்தானே நாம். கதாநாயகன் கன்னத்தில் அறைந்த மறுநிமிடம் கதாநாயகிக்குக் காதல் வருகிற படத்துக்கு விசிலடித்து வளர்ந்தோம். அந்த அறையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உள்ளங்கை காதின்மேல் தட்டையாக விழுந்தால், அடைபட்ட காற்றின் அழுத்தத்திலேயே செவிப்பறை கிழியலாம். விளையாட்டாக அடிக்கிற, கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்ட தம்பதி, காதின் பக்கமே கையைக் கொண்டுபோக மாட்டார்கள். அணைக்கிற கைக்குத்தான் அந்த அக்கறை இல்லை.

இப்படி மூடி மூடி வைத்ததில் நடப்பது என்ன? ஆபாசப் பொருள் விற்பதையும் இறக்குமதி செய்வதையும் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே விவரம் தெரிந்த கடைக்காரரிடம் போய்க் கேட்க வழியில்லை. ஆசைப்பட்ட தம்பதி வீட்டில் கைக்கு அகப்படுவதை எடுக்கிறார்கள். நம் வீடுகளில் அகப்படுவது எது? ரோத்தான். மளிகைக்கடையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில், வண்ணப் பிளாஸ்டிக் பிடியோடு, சில ரிங்கிட்டுக்குத் தொங்கும் அதே ரோத்தான் பிரம்பு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொடவே கூடாத பொருள் அது. மெல்லியது, வளையக்கூடியது. வீசும்போது நுனி, கை போகிற வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் போய் விழும். முழு விசையும் ஒரு கோட்டில் இறங்குவதால் தோல் வரிவரியாகத் தடித்து வெடிக்கும். காய்ந்து பிளந்த பிரம்பின் சிராய் சதைக்குள் ஏறிவிடும். நம் சிறைகளில் பிரம்படி கொடுப்பதற்கே, கைதியின் உடல் தாங்கும் என்று மருத்துவ அதிகாரி பக்கத்தில் நின்று சான்று தரவேண்டும், பிரம்பின் விட்டம் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பெண்களுக்கு அந்தத் தண்டனையே கிடையாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அரசாங்கமே டாக்டர் இல்லாமல் தொடாத பொருளை ஆசை வேகத்தில் கையிலெடுக்கிறார்கள். பெல்ட்டும் அப்படித்தான். பக்கிள் உள்ள முனை எலும்பில் பட்டால் போதும்.

கையில் தொடங்குவதுதான் சரி. எவ்வளவு பலமாக விழுந்தது என்று அடித்த கைக்கே தெரியும், வேறெந்தப் பொருளும் அதைச் சொல்லாது. பொருள் வேண்டுமென்றால் அகலமாக, விளிம்பு மழுங்கியதாக, வளையாததாக ஒரு மட்டை எடுங்கள். விசை பரவிவிடும். பல வார் தொங்கும் தோல் சாட்டையில் வார்கள் மென்மையாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். நீண்ட வார் உடம்பைச் சுற்றிக்கொண்டு விலாவிலோ இடுப்பெலும்பிலோ நுனியை இறக்கும். முதலில் தலையணையில் அடித்து, நினைத்த இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். நரதேவனின் அடி குறி தவறித்தான் ஒருத்தியின் கண் போனது.

சதைப்பிடிப்புள்ள பிட்டமும் தொடையின் பின்பக்க மேல்பகுதியும்தான் இடம். தலை, கழுத்து, முதுகெலும்பு, வால் எலும்பு, மூட்டுகள், வயிறு, விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கிற இடுப்பு முதுகு ஆகியவற்றில் விளையாட்டுக்குக்கூடக் கூடாது. மார்பும் கூடாது. அந்தச் சோழன் இறக்கிய இடம் அதுதான். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், நம்மிடையே வீட்டுக்கு வீடு இருக்கிற நீரிழிவுக்காரர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். தோல் பொருளில் இரத்தம் பட்டால் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது, தூக்கி எறிந்துவிடுங்கள். குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். வலி தெரியாது, அடிப்பவருக்கு அளவும் தெரியாது.

பேச்சை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். எது சரி, எது கூடாது, எந்தச் சொல்லைச் சொன்னால் அந்தக் கணமே நிறுத்துவது என்று இருவரும் உடுத்தியிருக்கும்போதே முடிவாக வேண்டும். போக்குவரத்து விளக்கைப்போல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வாய் பேச வராத நிலையென்றால் கையில் ஒரு சாவிக்கொத்து, கீழே விட்டால் நிறுத்தம். முடிந்ததும் போர்த்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருங்கள். மறுநாளும் விசாரியுங்கள். மரத்துப்போனால், வீக்கம் ஏறிக்கொண்டே போனால், சிறுநீரில் இரத்தம் கண்டால், வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்று வகுப்பு முடிந்து காரில் வரும்போது என் அக்காள் மகள் மெதுவாகக் கேட்டாள்: "சின்னம்மா, அவர் அடிச்சா பொறுத்துக்கணும், ஆனா நாங்க ரெண்டு பேரும் பேசி எதுவும் செய்யக் கூடாதா?" பின்சீட்டில் அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குப் புரிந்தது, பொன்னாடை போர்த்தியவருக்குப் புரியவில்லை. இவர்களை நம்பித்தான் பிள்ளைகளின் திருமண வாழ்க்கையை ஒரு நாள் வகுப்பில் ஒப்படைக்கிறோம். மண்டபம் பிடித்து வகுப்பு நடத்தும் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பண்பாடு பேச ஒருவரை அழைத்தால், உடம்பைப் பற்றிப் பேச ஒரு தாதியையோ மருத்துவரையோ கூடவே அழையுங்கள். அடித்தால் பொறுத்துக்கொள் என்று சொல்கிறவருக்கு ஒலிவாங்கியைக் கொடுக்காதீர்கள்.

வேண்டாம் என்ற பிறகு விழுகிற ஒரே ஒரு அடியும், அது கட்டிய கணவனின் கை என்றாலும், குடும்ப வன்முறைதான். அதற்கென்று 1994ஆம் ஆண்டில் இயற்றிய தனிச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அடிபடுகிறவர் மட்டுமல்ல, சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரும் தாலியான் காசே என்ற உதவிச் சேவையின் 15999 எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.