சுனை உள்ள குன்றுகள்

மார்கழி பிறந்ததும் நண்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பொங்கலை ஒட்டி மூன்று நாள் கிடைக்கிறது, கொடைக்கானலில் அறை இல்லை, ஏற்காட்டில் கூட்டம் தாங்காது, வேறு எங்கே போகலாம்? புதுக்கோட்டைக்குப் போங்கள் என்பேன். "அங்கே என்ன இருக்கு?" என்று உடனே கேட்பார்கள். திருச்சியிலிருந்து காரைக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தும் ஊர் என்ற அளவில்தான் பலருக்கும் அது பழக்கம். பஸ் ஜன்னலில் பார்த்தால் செம்மண் பொட்டலும் தைலமரக் காடும் தெரியும். நடுநடுவே மொட்டைப் பாறைகள் எழுந்து நிற்கும். அந்தப் பாறைகளுக்காகத்தான் போகச் சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறும் அக்னியாறும் மழை பெய்தால் ஓடும், மற்ற நாளில் மணலாகக் கிடக்கும். சனங்கள் பிழைத்தது கண்மாயையும் ஊருணியையும் நம்பி. குன்றின்மேல் விழுகிற மழை பாறைக்குள் இறங்க வழியில்லாமல் பள்ளங்களில் தங்கிச் சுனையாகிறது. தங்காதது வழிந்து அடிவாரத்துக் கண்மாயில் சேர்கிறது. சுனை இருந்த குன்றைத் தேடித் துறவிகள் வந்து தங்கினார்கள், படுக்கை வெட்டினார்கள். பிறகு அதே பாறையில் குடைவரை வந்தது, பக்கத்தில் கல்லை அடுக்கிக் கட்டிய கற்றளி எழுந்தது, கீழே ஊர் நிலைத்தது. அதனால் இயற்கைக்கு ஒரு நாள், பழமைக்கு ஒரு நாள் என்று இங்கே பிரித்துத் திட்டம் போட முடியாது. ஒரு குன்றில் ஏறினால் இரண்டும் சேர்ந்தே வரும்.

முதலில் சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் பதினாறு கிலோமீட்டர். பெயர் எல்லாருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் சாலையோரப் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் ஓவியத்தை அண்ணாந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சின்னக் குடைவரையில் கண் பழக வேண்டும். வெளி வெயிலிலிருந்து உள்ளே போனதும் விதானத்தில் பச்சையும் காவியும் கலந்த கறைதான் தெரியும். பொறுத்து நின்றால் அது ஒரு தாமரைக் குளமாக விரியும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இடையே மீன், அன்னம், எருமை, யானை. குளத்துக்குள் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்களில் ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது. சமணர்களின் சமவசரணத்தில், அதாவது தீர்த்தங்கரரின் தெய்வ சபையில், வரும் குளம் இது என்கிறார்கள் அறிஞர்கள். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைப் பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. அப்புறம் கருவறைக்குள் போய் நடுவில் நின்று வாயை மூடி மெல்ல முனகிப் பாருங்கள். அறை முழுக்க அந்த ஒலி அதிர்ந்து உடம்பில் இறங்கும்.

ஓவியத்தைவிட என்னை அதிகமாக அசைத்தது மலையின் மறுபக்கம் இருக்கும் ஏழடிப்பட்டம். மேற்கே ஏறி, உச்சியைத் தாண்டி, கிழக்குச் சரிவில் இறங்க வேண்டும். செங்குத்தான பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகள். இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு போட்டிருப்பதால் பயமில்லாமல் போகலாம். அந்த நாளில் அந்தக் குழிகளை மட்டும் நம்பித்தான் போயிருக்க வேண்டும். உள்ளே இயற்கையான குகைத்தளம். அதில் வழவழவென்று தேய்த்த பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லையே உயர்த்திச் செதுக்கிய தலையணைகளோடு. இருப்பதில் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்திருக்கிறார்கள். எருமைநாட்டில் பிறந்த ஒரு துறவிக்கு இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்கள் என்பது அதன் சேதி. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒருவருக்கு இந்த ஊர்க்காரர்கள் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் படுக்கைகளில் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் பெயர்கள். அங்கே நின்று கிழக்கே பார்த்தால் கண்மாயும் வயலும் கண்ணுக்கெட்டிய வரை கிடக்கும்.

இதே மலையில் நாவல்சுனை என்று ஒன்று உண்டு. நீருக்குள்ளே பாறையைக் குடைந்த இடத்தில் ஒரு சிவலிங்கம் இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் தெரியும். நார்த்தாமலையிலும் இதே போல ஒரு சுனைக்குள் லிங்கம். மழைநீரைச் சாமியோடு சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நார்த்தாமலைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். திருச்சி சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒன்பது குன்றுகள் கூட்டமாகக் கிடக்கின்றன. பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு அலைமோதும் கூட்டத்தில், அந்தக் குன்றுகளில் ஒன்றான மேலமலைக்கு ஏறுகிறவர்கள் சொற்பம். சரிவு கடுமையில்லை, பாறையில் நடந்தே போகலாம். இருபுறமும் காரை, களா, சூரை, ஆவாரை என்று புதர்க்காடு. நெருக்கத்தில் செம்போத்து கூவும். பொட்டலில் கால் வைத்தால் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே தலைக்குமேல் சுற்றும், அதன் முட்டைகள் அங்கே தரையிலேயே கிடக்கும் என்பதால். ஒதுங்கி நடப்பது நல்லது.

மேலே போனதும் எதிரெதிரே இருப்பவை விஜயாலய சோழீஸ்வரமும் இரண்டு குடைவரைகளும். பெயரில் சோழன் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன் கட்டிய கற்றளி இடிமழையில் சேதமாக, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்றுதான் துவாரபாலகரின் காலடியிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. அந்நாளில் இப்பகுதியை ஆண்ட முத்தரையர் தலைவர்கள் கட்டியது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. வெளியே சதுரச் சுவர், உள்ளே வட்டமான கருவறை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கிப் போகும் சுற்றுவழி. சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்தன, இன்று ஆறு நிற்கின்றன.

எதிரே பெரிய குடைவரைக்குச் சமணர்குடகு என்று பெயர். சமணர்களுடையதாக இருந்து பின்னர் விண்ணகரமாக, அதாவது திருமால் கோயிலாக, மாறியது. உள்ளே சுவரில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஆளுயரத்துக்கு ஒரே மாதிரி நிற்கின்றன. முன்னால் உள்ள மேடையின் விளிம்பில் யானையும் யாளியும் வரிசையாக ஓடுகின்றன. அதன் பக்கத்தில் உள்ள சின்னக் குடைவரை பழியிலீஸ்வரம். நிருபதுங்க பல்லவன் காலத்தில் சாத்தன் பழியிலி அதைக் குடைவித்தார். அவர் மகள் பழியிலி சிறியநங்கை முன்மண்டபமும் நந்திக்கான கொட்டிலும் சேர்த்தார். அப்பா குடைந்த கோயிலுக்கு மகள் வாசல் வைத்த விவரம் ஆயிரத்து நூறு ஆண்டு தாண்டியும் கல்லில் அப்படியே இருக்கிறது. அந்த மண்டபம் இன்று இல்லை, அடித்தளம்தான் மிச்சம். விஜயாலய சோழீஸ்வரம் மேற்கு பார்த்தது, குடைவரைகள் கிழக்கு பார்த்தவை. காலை வெளிச்சம் குடைவரைக்குள் விழும், மாலை வெயில் அந்தக் கோயில் முகப்பில் விழும். நடுப்பகலில் பாறை காயும், நிற்க முடியாது. ஆகவே விடியும்போது ஏறுங்கள், வெயில் ஏறியதும் இறங்கி ஊருக்குள் சாப்பிட்டுப் படுங்கள், நான்கு மணிக்குத் திரும்ப ஏறுங்கள். இரண்டு வேளையும் பார்த்தால்தான் அந்த இடம் பிடிபடும்.

மூன்றாம் நாளுக்கு எது என்பது அவரவர் விருப்பம். சங்கீதத்தில் நாட்டம் இருந்தால் குடுமியான்மலை. அங்கே சிகாநாதர் கோயிலின் பின்னால் பாறையில் கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை ஏழு பகுதியாகப் பொறித்திருக்கிறார்கள். ருத்ராசாரியாரின் சீடரான ஓர் அரசர் செய்வித்தது. பல்லவன் மகேந்திரவர்மன் என்று நெடுங்காலம் சொன்னார்கள், அது சரியல்ல என்போரும் உண்டு. முடிவில் எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று பொருள்படும் ஒரு தமிழ் வரியும் இருக்கிறது. கோயிலின் முன்மண்டபத்துத் தூண் சிற்பங்களுக்கே அரை நாள் போதாது.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் கொடும்பாளூரை விடமாட்டார்கள். அவ்வூர் வேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தேவியர் இருவர் பெயரிலும் எழுப்பிய மூவர் கோயிலில் இப்போது இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியைச் சிலப்பதிகாரம் சொல்லும்போது, இந்த ஊரின் குளத்துப் பக்கத்திலிருந்துதான் பாதை மூன்றாகப் பிரிகிறது. திருச்சி–மதுரை நெடுஞ்சாலை இன்றும் அதன் பக்கத்தில்தான் போகிறது. வழியில் விராலிமலை, முருகன் குன்று, மயில்கள்.

தெற்கே திருமயம். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கம் பக்கமாகக் குடைவரைகள். இரு கோயிலாருக்கும் இருந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டில் தீர்த்துவைத்த சேதி கல்வெட்டாக இருக்கிறது. தேசபக்தர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்ததும் இந்த ஊரில்தான்.

குன்றை விட்டுக் கிழக்கே போனால் வேறு நிலம். கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் மல்லிகையும் அடர்ந்த பூமி. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் அந்த மரங்களைச் சாய்த்தது. மறுபடியும் கன்று வைத்து வளர்த்திருக்கிறார்கள். குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் பிரம்மாண்டமான வெள்ளைக் குதிரை நிற்கிறது. மாசிமகத்தன்று அதன் கழுத்திலிருந்து தரை வரை காகிதப்பூ மாலைகளாகச் சாத்துவார்கள். ஊர் ஊராக வண்டி கட்டி மாலையோடு வருவார்கள். கடற்கரைக்கே போய்விட நினைப்பவர்களுக்கு மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது, படகில் போகலாம். போகிற வழியில் ஆவுடையார்கோயிலின் கூரை விளிம்பான கல் கொடுங்கைகளை நிமிர்ந்து பாருங்கள். மரச்சட்டமும் ஆணியும் வைத்துக் கட்டியது போலக் கல்லை இழைத்திருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் காடு என்று மிஞ்சியிருப்பதில் நல்ல பங்கு கோயில்காடுதான். அய்யனாருக்கு விட்ட காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்பட்டு வைத்திருக்கிறது. உள்ளே போனால் வீரையும் பாலையும் பின்னிக் கிடக்கும், மண்குதிரைகள் மேல் கொடி படர்ந்திருக்கும். அதற்கு அடுத்தாற்போல் வரிசை பிடித்து நிற்கும் தைலமரக் காட்டையும் பார்த்துவிடுங்கள். அடியில் புல் இல்லை, குருவிச் சத்தம் இல்லை. மழைநீர் கண்மாய்க்கு வராமல் அந்தத் தோட்டத்து வரப்புகள் மறிக்கின்றன என்று விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள், போராடியும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நான். குன்றுகளுக்கோ கல்குவாரி வேட்டு. தொல்லியல் துறை வேலி போட்ட குன்று தப்பிக்கிறது. வேலி இல்லாத குன்றில் படுக்கை இருந்ததா, சுனை இருந்ததா என்று பார்ப்பதற்குள் அது ஜல்லியாகி லாரியில் போகிறது. வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டு, ஏறிப் பார்த்து, ஊரில் தங்கிச் சாப்பிட்டுப் போனால், இந்தக் குன்றால் எங்களுக்கும் பிழைப்பு உண்டு என்று உள்ளூர்க்காரர் சொல்ல ஒரு பிடிமானம் கிடைக்கும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, மார்கழி கடைசியிலும் தையிலும் சுனைகளில் நீர் இருக்கும், பாறை சுடாது. புதுக்கோட்டையிலேயே அறை எடுங்கள், பெரிய செலவாகாது. சித்தன்னவாசலுக்கு டவுன் பஸ் உண்டு. மற்ற இடங்களுக்கு ஒரு ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும், மேலே கடை கிடையாது. சுனையில் பாட்டிலை எறியாதீர்கள், குளிக்க இறங்காதீர்கள். கீழே மாடு மேய்ப்பவரிடமும் ஆடு மேய்க்கும் பாட்டியிடமும் வழி கேளுங்கள். பலகையில் இல்லாத பாதை அவர்களுக்குத் தெரியும். மூன்று நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு நாளுக்கு ஒரு குன்று போதும்.

கிளம்புவதற்குமுன் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1910இல் புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் தொடங்கியது. அங்கே அம்மன் காசைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சுண்டுவிரல் நகத்தளவு செப்புக்காசு, ஒருபுறம் பிரகதாம்பாள் அம்மன், மறுபுறம் தெலுங்கில் விஜய என்ற எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துச் சனங்களுக்குக் கொடுத்த காசு. தஞ்சாவூர் வழியாகத் திரும்புகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தலாம். சாலையோரக் கொட்டகைகளில் பெண்கள் முந்திரிக்கொட்டையை வறுத்து, எண்ணெய் எரியும் கரும்புகைக்கு நடுவே கட்டையால் தட்டி உடைத்துக்கொண்டிருப்பார்கள். உடைத்த பருப்பை அவர்களிடமே நேராக வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம்.