மண்ணும் எங்களது, பொறுப்பும் எங்களுக்கு வேண்டும்: வன்னியின் தடயவியல் முகாமைத்துவக் கோரிக்கைச் சாசனம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழும் நாங்கள் உயர்தர விஞ்ஞான, தொழில்நுட்ப மாணவர்கள், வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள், ஆசிரியர்கள், வைத்தியசாலை ஆய்வுகூட ஊழியர்கள், கண்ணிவெடி அகற்றும் தொழிலாளர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள். இந்தச் சாசனத்தை நீதி அமைச்சு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, வவுனியா மற்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்கள், அரச பகுப்பாய்வாளர் திணைக்களம், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் ஆகியவற்றின் முன் வைக்கிறோம். இது வேலை கேட்கும் மனுவும்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் நாங்கள் கேட்பது எந்த வேலை, ஏன் அந்த வேலை என்பதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய மண்ணோடு மனித எலும்புகளும் உடைகளும் வெளியே வந்தன. 1984இல் சனம் எழுப்பப்பட்டு, போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்து குடியேறிய ஊர் அது. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி செப்டெம்பர் 6 அன்று அகழ்வு தொடங்கியது. பேராசிரியர் ராஜ் சோமதேவவும் சட்ட வைத்திய அதிகாரி வாசுதேவாவும் பணியை நடத்தினார்கள். நவம்பரில் நின்ற வேலை மறுபடி தொடங்க 2024 ஜூலை ஆயிற்று. முடிவில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. இடையில் போன அந்த மாதங்களில் நிபுணர்கள் இல்லாமல் போகவில்லை. நீதிமன்றத்தின் கட்டளையும் இருந்தது. நிதி வந்து சேரவில்லை.

மன்னார் சதொச வளாகத்தின் கதை வேறு மாதிரி. 2018இல் அங்கே 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. அவர்களில் 28 பேர் சிறுவர்கள். ஆறு எலும்பு மாதிரிகள் 2019 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீற்றா அனலிற்றிக் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. மார்ச்சில் பதில் வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை. ஆய்வுகூடம் தன் வேலையைச் செய்தது; அதில் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. எலும்பு பழையது என்றால் பழையதுதான், அதை ஏற்கும் பக்குவம் எங்களுக்கு உண்டு. எங்களை உறுத்துவது வேறு. 300க்கும் மேற்பட்டோருக்கு ஆறு மாதிரி போதும் என்பதை எந்த அளவுகோலில் தீர்மானித்தார்கள்? எந்த மண் படையிலிருந்து எது எடுக்கப்பட்டது? சந்தேகம் எழுந்தால் இரண்டாவது ஆய்வுகூடம் எது? இவற்றுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த நடைமுறை ஒன்றிருந்து, அதை உறவுகளுக்குத் தமிழில் விளக்க ஒருவரும் இருந்திருந்தால், முடிவு அதுவாகவே இருந்தாலும் இத்தனை மனக்கசப்பு மிஞ்சியிருக்காது.

இந்த இரண்டு கதைகளிலும் இடறியது இரசாயனமும் அல்ல, தொல்லியலும் அல்ல. செலவு மதிப்பீட்டை யார், எப்போது திறைசேரிக்கு அனுப்புவது. எலும்புகளை எந்த அறையில், எத்தனை நாள், யாருடைய சாவியின் கீழ் வைப்பது. பொதி கைமாறும்போது யார் ஒப்பமிடுவது. எந்த ஆய்வுகூடத்தைத் தேர்வது. முடிவைத் தாயிடம் யார், என்ன சொற்களில் சொல்வது. தடயவியலில் முகாமைத்துவம் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். மாரி மழையில் ஒரு குழியை மூடும் தறப்பாளை எந்தக் கணக்குத் தலைப்பில் வாங்குவது என்பதும் அதற்குள் அடங்கும். இந்த வேலைக்கென்று படித்து, இதிலேயே படிப்படியாக உயர்ந்து வந்த ஒரு தலைமுறை வன்னியில் உருவாக வேண்டும். இதுதான் எங்கள் கோரிக்கையின் முழுப் பொருள்.

நடக்காத காரியத்தைக் கேட்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு: 1984இல் அமெரிக்க மானுடவியலாளர் கிளைட் ஸ்நோ ஆர்ஜென்டினாவுக்குப் போனபோது, அவரோடு குழியில் இறங்க முன்வந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த மாணவர்கள்தான் பின்னர் ஆர்ஜென்டின தடயவியல் மானுடவியல் குழுவாகி, அதைத் தாங்களே நடத்தி, உலகின் பல நாடுகளில் பணிசெய்தார்கள். சைப்பிரசில் கிரேக்க, துருக்கிய சைப்பிரசு இளைஞர்களை அதே குழு பயிற்றுவித்தது. 2006இல் தொடங்கிய அகழ்வையும் ஆய்வையும் சில வருடங்களில் அவர்களே பொறுப்பெடுத்து நடத்தினார்கள். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுட்ட இரு சமூகங்களின் பிள்ளைகள் ஒரே மேசையில் எலும்பு அடுக்குகிறார்கள். பொஸ்னியாவில் 1996இல் அமைந்த காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, எலும்பு மாதிரிக்கும் உறவினரின் இரத்த மாதிரிக்கும் பெயரை நீக்கிக் கோட்டுக்குறி ஒட்டியது. பரிசோதிப்பவருக்கு அது யாருடையது என்று தெரியாது. சிரெப்ரெனிக்காவில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 8,000 பேரில் பெரும்பாலானோர் இன்று பெயரோடு அடக்கம் செய்யப்பட்டிருப்பதற்கு மரபணு அறிவியலைப் போலவே அந்த ஒழுங்குமுறையும் காரணம்.

எனவே நாங்கள் கோருவது:

1. வவுனியா பல்கலைக்கழகத்தில் தடயவியல் விஞ்ஞானமும் முகாமைத்துவமும் இணைந்த பட்டநெறி ஒன்று வேண்டும். 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் இங்கே பிரயோக விஞ்ஞான பீடமும் வியாபாரக் கற்கைகள் பீடமும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டும் ஒன்றாக உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதினால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது: மருத்துவ பீடத்தின் சட்ட மருத்துவத் துறை, கலைப்பீடத்தின் தொல்லியல், கிளிநொச்சி அறிவியல் நகரின் தொழில்நுட்ப பீடம். மாணவர் எலும்பியலும் மண் படைகளும் மரபணுவும் படிக்கட்டும். கூடவே 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, அரசாங்க நிதிப் பிரமாணங்கள், கேள்விப்பத்திர நடைமுறை, ஐஎஸ்ஓ 17025 தரநியமம், சான்றுப் பொருள் பதிவேடு, சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணைக்கு நிற்பது எல்லாவற்றையும் படிக்கட்டும். துக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் ஒரு பாடமாக இருக்க வேண்டும், அதற்குப் பரீட்சையும் வேண்டும். செய்முறைப் பயிற்சி இல்லாத பட்டம் எங்களுக்கு வேண்டாம். அப்படியான பட்டங்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுக் கச்சேரி வாசலில் நின்ற அனுபவம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு.

2. வடக்குக்கென ஒரு பிராந்திய தடயவியல் ஆய்வுகூடம். இன்று எங்கள் நீதிமன்றங்களின் முத்திரையிட்ட பொதிகள் இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் பயணம் போகின்றன. புதைகுழிகளை விடுங்கள், அன்றாட விடயத்தைப் பாருங்கள். கசிப்பு, ஹெரோயின், நஞ்சு குடித்த மரணம், காட்டோரம் கட்டுத்துவக்கு வெடித்த மரணம், ஏ9 வீதி விபத்து, பாலியல் வன்முறை. அறிக்கை வரும்வரை வழக்குத் தவணை தள்ளிப்போகும். விளக்கமறியலில் இருப்பவர் குற்றவாளியா இல்லையா என்று தெரியாமலே உள்ளே இருப்பார். பாதிக்கப்பட்ட பெண்பிள்ளை ஒவ்வொரு தவணைக்கும் பஸ் ஏறி வருவாள். ஆய்வுகூடம் ஓமந்தையில் அமையட்டும், அறிவியல் நகரில் அமையட்டும், மாங்குளத்தில் அமையட்டும்; எந்த ஊர் என்று எங்களுக்குள் அடிபட மாட்டோம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. பழைய எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுப்பது இத்துறையின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. ஆய்வாளரின் தும்மல் ஒன்றே மாதிரியைக் கெடுத்துவிடும். முதலில் போதைப்பொருள், மதுசாரம், நச்சியல். அவற்றில் தர அங்கீகாரம் பெற்ற பிறகு எலும்பு. அவசரத்தில் திறந்து, நாடா வெட்டி, படம் எடுத்துவிட்டுப் பூட்டி வைக்கும் கட்டடம் வேண்டாம்.

3. பதவியுயர்வுக்கு இரண்டு ஏணிகள். இன்றைய அரச சேவையில் நல்ல விஞ்ஞானி ஒருவர் உயர வேண்டுமானால் ஆய்வு மேசையை விட்டுக் கோப்பு மேசைக்குப் போகவேண்டியிருக்கிறது. அப்படிப் போனால் ஒரு நல்ல ஆய்வாளரை இழக்கிறோம்; பல நேரங்களில் ஒரு சுமாரான நிர்வாகியைப் பெறுகிறோம். விஞ்ஞானத் தரத்தில் உயர ஒரு வழியும், சான்றுப் பொருள் காப்பாளர், வழக்கு ஒருங்கிணைப்பாளர், தர முகாமையாளர், ஆய்வுகூடப் பணிப்பாளர் என்று உயர இன்னொரு வழியும் சேவைப் பிரமாணக் குறிப்பில் எழுத்தில் வரவேண்டும். முகாமையாளராகும் எவரும் குறைந்தது மூன்று வருடம் ஆய்வுகூடத்திலோ அகழ்விலோ கை அழுக்காக வேலை செய்திருக்க வேண்டும். முகாமைத்துவப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து வந்து கதிரையில் உட்காருவதை இந்தத் துறை தாங்காது.

4. கண்ணிவெடி அகற்றும் தொழிலாளருக்கு நுழைவு வழி. இந்தக் கோரிக்கையைக் கொழும்பில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 2002 முதல் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களிலும், பின்னர் டாஷ், ஷார்ப் போன்ற உள்ளூர் அமைப்புகளிலும் முகமாலை தொடக்கம் முல்லைத்தீவு வரை வேலை செய்தவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களில் கணவனை இழந்த பெண்கள் நிறையப் பேர். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது, விரல்கடை அளவாக மண்ணை அகற்றுவது, ஆழத்தைக் குறிப்பது, அன்றைய பதிவை அன்றே முடிப்பது, நடைமுறைக் கையேட்டில் ஒரு வரியையும் தாண்டாதிருப்பது: ஒரு புதைகுழியில் வேண்டிய ஒழுக்கம் இதுதான். முகமாலையில் வெடி தேடியவர்கள் மனித எச்சங்களைக் கண்டு வேலையை நிறுத்திய சந்தர்ப்பமும் உண்டு. 2017இல் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்த இலங்கைக்கு வெடி அகற்றி முடிக்கும் காலக்கெடு 2028. அது முடிந்ததும் இவர்கள் எங்கே போவார்கள்? உயர்தரச் சித்தி இல்லை என்று வாசலில் மறிக்காமல், கள அனுபவத்தைத் தகைமையாகக் கணித்து ஒரு வருட இணைப்புப் பயிற்சி கொடுங்கள். அணித் தலைவராக முப்பது பேரை உயிராபத்து நிலத்தில் வழிநடத்திய ஒரு பெண்ணுக்கு முகாமைத்துவம் என்றால் என்னவென்று வகுப்பெடுப்பவர்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

5. உறவினரின் இரத்த மாதிரிகளைச் சேகரித்துக் காக்கும் சுயாதீன சேமிப்பகம், தாமதமின்றி. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்திலும், வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடங்கிய போராட்டங்களிலும் இருந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். ஒரு தாய் போகும்போது, ஒப்பிடக்கூடிய மிக நெருங்கிய மரபணுவும் போய்விடுகிறது. மாதிரி கொடுப்பதற்கு எழுத்தில் சம்மதம், மீளப்பெறும் உரிமை, கோட்டுக்குறி முறை ஆகியவை வேண்டும். பொலிசுக்கோ புலனாய்வுப் பிரிவுகளுக்கோ அந்தத் தரவில் கைவைக்க முடியாதபடி சட்டத் தடையும் வேண்டும். அது இல்லாமல் எங்கள் சனம் விரலை நீட்டாது. நீட்டும்படி நாங்களும் சொல்ல மாட்டோம்.

6. அகழ்வுக்கு வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பு. ஒவ்வொரு குழிக்கும் புதிதாக மதிப்பீடு எழுதி, அமைச்சுக்கு அமைச்சு அலைந்து, நிதி விடுவிக்கும்வரை குழி வாய் திறந்து கிடக்கும் முறை நிற்க வேண்டும்.

7. அறிக்கைகள் தமிழிலும் வேண்டும். வடக்கின் நீதிமன்றங்கள் தமிழில் நடக்கின்றன. முடிவு மட்டும் வேறு மொழியில் வந்து, தாய் ஒருத்தி சட்டத்தரணியின் முகத்தைப் பார்த்து அதை ஊகிக்கக் கூடாது.

8. பொலிஸ், பாதுகாப்புத் தரப்புகளின் கீழ் வராத நிறுவனம். குற்றம் சாட்டப்படக்கூடியவரின் அலுவலகத்தில் சான்றுப் பொருளின் சாவி தொங்குவது எந்த நாட்டிலும் சரியல்ல. இன்னொன்றையும் சேர்த்தே எழுதுகிறோம்: இது தமிழருக்கு மட்டுமான ஆய்வுகூடமாக இருக்கக் கூடாது. வவுனியா முஸ்லிம் மாணவருக்கும் வெலிஓயாச் சிங்கள மாணவருக்கும் அதே விண்ணப்பப் படிவம், அதே புள்ளித் திட்டம். மாத்தளை வைத்தியசாலை வளவில் 2012இல் 150க்கும் மேற்பட்ட மண்டையோடுகளும் எலும்புகளும் வெளிவந்தபோது எண்பதுகளின் கடைசியில் பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மாரும் இதே கேள்விகளோடுதான் நின்றார்கள். அவர்களுக்கும் ஒருநாள் இந்த ஆய்வுகூடம் வேலை செய்யும் என்றால் எங்களுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணி, சிந்துபாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் மாணவர்களும் அந்த மண்ணில் குந்தியிருந்து வேலை செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் பட்டம் பெற்ற பிறகு இதே துறையில் எந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். காட்டுவதற்கு ஒரு வர்த்தமானி அறிவித்தல்கூட உங்களிடம் இருக்காது. அடுத்த அகழ்வு எங்கே என்று தெரியாது. மழைக்கால வாய்க்கால் வெட்டிலோ வீட்டு அத்திவாரத்திலோ அது தொடங்கும். அதற்குள் குறைந்தபட்சம் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது கோரிக்கைகளுக்கான வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். இவற்றை ஆரம்பிக்கக் கட்டடம் தேவையில்லை, கூட்டமும் சுற்றறிக்கையும் போதும்.

இச்சாசனம் மேலே பெயர் குறித்த ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியே கையளிக்கப்படும். ஒவ்வொன்றிடமிருந்தும் எழுத்தில், தமிழில், கோரிக்கை இலக்கத்தைக் குறிப்பிட்டு, பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயரோடும் ஆரம்பிக்கும் மாதத்தோடும் பதில் வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து. "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று வரும் கடிதத்தைப் பதிலாக ஏற்கமாட்டோம். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே கோரிக்கையோடு மறுநாள் உங்கள் வரவேற்பு மேசைக்கு வருவோம்.