ஐஸ் ஹவுஸைச் சுற்றி ஒரு மாலை நடை

திருச்சியிலிருந்து விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம் குடும்பத்தினர் மெரினாவில் கால் நனைக்கின்றனர், தியாகராய நகரில் துணி எடுக்கின்றனர், ஊர் திரும்புகின்றனர். அடுத்த முறை ஒரு மாலைப்பொழுதைத் திருவல்லிக்கேணிக்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.

மெரினாவை நோக்கி வளைந்த முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்திலிருந்து நடையைத் தொடங்கலாம். 1842ஆம் ஆண்டளவில் அது பனிக்கட்டிக் கிடங்காகவே கட்டப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார் ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை இங்கு வந்ததும் அவ்வணிகம் அழிந்தது. கட்டடமோ அழியவில்லை. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்குத் தங்கினார். பின்னர், இளவயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற இளம் விதவைகளை அங்கு வைத்துப் படிக்கச் செய்தார். இத்தனைக்குப் பிறகும் மக்கள் நாவில் அவ்வட்டாரம் 'ஐஸ் ஹவுஸ்'தான்.

அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் பார்த்தசாரதி கோயிலும், 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலும் உள்ளன. 1751இல் நம் திருச்சிக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கிய நவாப் முஹம்மது அலியின் பெயரைத் தாங்கியது அப்பள்ளி. அவர் அடக்கமாகியிருப்பதும் திருச்சி மண்ணில்தான். பள்ளி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். இன்றும் ரமளானில் அங்கு நோன்பு திறப்போருக்கு உணவு கொணர்ந்து பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பினர். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒரு இந்துப் பெரியவர் தொடங்கிய இத்தொண்டு, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது.

இதனால் நம் ஈமானுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்நிஸா அத்தியாயம் உறவினரான அண்டைவீட்டாரையும் அந்நியரான அண்டைவீட்டாரையும் ஒருசேரக் குறிப்பிட்டு, இரு சாராருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. அறியாத ஒருவருக்கு நாம் எவ்வாறு நன்மை செய்ய இயலும்? பிறருடைய வழிபாட்டில் நாம் பங்கேற்பதில்லை. தவ்ஹீதில் சமரசமும் இல்லை. ஆனால் அடுத்த தெருவின் வரலாற்றைக் கேட்டறிவது வழிபாடன்று; அண்டைவீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

நம் பிள்ளைகள் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் வாகனத்தில் சென்று வாகனத்திலேயே திரும்புகின்றனர். பக்கத்துத் தெருவை அவர்கள் கைபேசியில் வரும் வதந்திகளின் வழியே அறிகின்றனர். அங்குள்ளோரும் நம்மை அவ்வாறே அறிகின்றனர். அச்சம் இந்த அறியாமையில்தான் வேர்விடுகிறது.

சென்னை செல்ல வாய்ப்பில்லாதோர் திருச்சியிலேயே தொடங்கலாம். நத்ஹர் வலி தர்கா, மலைக்கோட்டை, லூர்து அன்னை ஆலயம் ஆகியவற்றை ஒரே நடையில் கண்டுவிடலாம். காவிரியைக் கடந்தால் திருவரங்கம். அங்குள்ள பெருங்கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னிதி இருப்பதையும், அங்கு ரொட்டி படைக்கப்படுவதையும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அக்கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. நம்மைப் பற்றி அண்டைவீட்டார் சொல்லிவரும் கதை எது என்பதையேனும் அறிந்திருக்க வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பிள்ளைகளின் கைபிடித்து ஒரு தெரு நடப்போம். அங்கு எதிர்ப்படுவோருக்கு முதலில் முகமன் கூறுபவர்கள் நாமாக இருப்போம், இன்ஷா அல்லாஹ்.